எரிவாயு நிலையத்தை எங்கே அமைப்பது?

ஓசூரில் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாங்கூழ் ஆலைகள் இயங்குகின்றன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் கறவை மாடுகள் ஏராளம். ஒரு பக்கம் சாணமும் மாந்தோலும் குவிகின்றன. மறு பக்கம் கொதிகலன்களுக்கு எரிபொருள் தேவைப்படுகிறது. பல ஊர்களுக்கும் பொதுவாக ஓர் எரிவாயு நிலையம் அமைத்தால் இரண்டு தொல்லைகளும் தீரும். அதை எங்கே அமைப்பது? 'தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான்' என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் வைத்தால் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்கின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. 25 கிலோ சாணம் சுமார் 1 கன மீட்டர் வாயு தரும். அதைச் சுத்திகரித்தால் கிடைப்பது 400 கிராம் எரிவாயு. நாளொன்றுக்கு 1 டன் எரிவாயு வேண்டுமானால் 60 டன்னுக்கு மேல் சாணம் வேண்டும். ஒரு மாட்டுக்கு 10 கிலோ என்று கொண்டால் 6,000 மாடுகளுக்கு மேல்! ஓர் ஊரால் ஆகிற காரியமா இது?

இப்போது எடையைக் கவனியுங்கள். 10 டன் சாணம் ஒரு லாரியில் வருகிறது. அதனோடு அதே அளவு தண்ணீர் சேர்கிறது. வாயு போக எஞ்சும் குழம்பு ஏறத்தாழ 20 டன். அது நல்ல உரம். வயலுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு லாரிகள்! கிடைத்த எரிவாயுவோ 160 கிலோதான். சுமார் 220 லிட்டர் டீசலுக்குச் சமம். சாணம் 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தால், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிகளுக்கு 30 லிட்டர் செலவாகும். 100 கிலோமீட்டர் என்றால் 100 லிட்டர்! ஆகவே நிலையம் மாடுகளின் பக்கமே இருக்க வேண்டும். லேசான வாயு தொழிற்சாலைக்குப் பயணம் செய்யட்டும். பதப்படுத்தும்போது எடை குறையும் மூலப்பொருள்கள் தொழிலைத் தம் பக்கம் இழுக்கும் என்று ஜெர்மன் அறிஞர் ஆல்ஃபிரட் வெபர் 1909-இல் விளக்கினார்.

சரியான இடத்தைக் காண நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வட்டார வரைபடத்தை ஒரு பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஊர் இருக்குமிடத்திலும் வழவழப்பான ஒரு துளையிட்டு, அதன் வழியே ஒரு நூலை விடுங்கள். மேலே நூல்களை ஒன்றாக முடிச்சிடுங்கள். கீழே, அந்தந்த ஊருக்கு வந்து போகும் சுமைக்கு ஏற்ப எடை கட்டுங்கள். பலகையைக் கிடைமட்டமாகப் பிடித்து முடிச்சை விட்டுவிட்டால், அது நகர்ந்து நிற்குமிடமே போக்குவரத்து மிகக் குறையும் இடம். ஓர் ஊரின் எடை மற்றெல்லா ஊர்களின் எடையையும் விட அதிகமானால், முடிச்சு அந்தத் துளைக்கே போய்விடும்!

வரைபடத்தை மாநில எல்லையோடு கத்தரித்துவிடாதீர்கள். கர்நாடகத்து ஆனேக்கல் ஓசூருக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டிக் கழிவு வர வேண்டுமானால் இரு மாநில நிர்வாகங்களும் இணங்க வேண்டும்.

நூலுக்குத் தெரியாதவை வேறு சிலவும் உண்டு. மாம்பழக் கழிவு சில மாதங்களுக்கே கிடைக்கும். ஆண்டு முழுவதும் கைகொடுப்பது சாணமே. ஓசூர் உயரமான இடம்; மார்கழிக் குளிரில் நுண்ணுயிரிகள் மந்தமாகும், தொட்டிக்கு வெதுவெதுப்பு வேண்டும். குழம்பு வழிந்து தென்பெண்ணையில் கலந்துவிடக் கூடாது; கெலவரப்பள்ளி அணையும் கிருஷ்ணகிரி அணையும் அந்த ஆற்றில்தான் உள்ளன.

லாரி இரைச்சலும் நாற்றமும் ஓர் ஊருக்கு, எரிவாயு வேறோர் ஊருக்கு என்றால் அது பொது நிலையமாகாது. முடிச்சு காட்டும் இடத்தில் வாழ்பவர்களின் சம்மதத்தையும் கேட்ட பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும்.