பனகல் பூங்காவும் நம்ம மனை வரைபடமும்



தாராசுரத்துல தறி வச்சிருக்கிற குடும்பங்களுக்குச் சென்னை தி.நகர் தெரியாத இடமில்லை. நாம நெய்யுற பட்டு அங்கேதான் விலை பேசப்படுது. கடை கடையா ஏறி இறங்கிக் கால் வலிச்சா, காசில்லாம நிழல்ல உட்கார அங்கே பனகல் பூங்கா இருக்கு. சுமார் 8 ஏக்கர். சுத்திலும் உஸ்மான் சாலை, வெங்கடநாராயணா சாலை, நகைக்கடை, ஜவுளிக்கடை, கூட்டம்!

அவ்வளவு விலைமதிப்புள்ள இடத்துல கட்டடம் வராமப் போனது எப்படி? 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில மாம்பலம் பக்கம் இருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினாங்க. (ஏரியைத் தூர்த்தது சரியான்னு கேட்டா, மழைக்காலத்துல அந்தத் தெருக்களைப் பார்த்தவங்க பதில் சொல்வாங்க.) ஆனா தெருக்களை வரையும்போதே நடுவுல பூங்காவுக்குன்னு இடம் விட்டுட்டாங்க. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல்வரா இருந்த பனகல் ராஜாவின் பெயரை அதுக்கு வச்சாங்க. அப்புறம் மனை விலை எவ்வளவு ஏறினாலும் அதைக் கூறுபோட்டு விற்க முடியல. மெட்ரோ ரயில் நிலையம் கட்ட மட்டும் அதுல ஒரு பகுதியை எடுக்க வேண்டி வந்தது.

இதை இப்போ சொல்லக் காரணம் இருக்கு. நம்ம பகுதியில நெல் விளைஞ்ச வயல்ல இன்னைக்கு மனைக்கல் நிக்குது. குழுக்கடன் வாங்கி மனைக்கு முன்பணம் கட்டுறவங்களும் இருக்காங்க. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல இருந்தா, சாலை போக மீதி நிலத்துல 10 சதவீதத்தைப் பொது இடமா ஒதுக்கணும். அதை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கணும். பிள்ளைங்க விளையாடுற இடம் அதுதான்.

ஆகவே, மனை விற்பவர் தரும் வண்ண நோட்டீஸை நம்பாதீங்க. நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் தந்த வரைபடத்தின் நகலைக் கேளுங்க. பூங்கான்னு குறிச்ச இடம் எது, தானப்பத்திரம் பதிவாயிடுச்சான்னு கேளுங்க. கேட்டாக் கோபப்படுற இடத்துல பணம் கட்ட வேண்டாம்.

நம்ம குழு ஒன்றில் நாலு பேர் முன்பணம் கட்டின பிறகுதான் வரைபடத்தைப் பார்த்தாங்க. நோட்டீஸ்ல ஊஞ்சலும் சறுக்கலும் வரைஞ்சிருந்த இடம், வரைபடத்துல 14-ஆம் எண் மனை. இரண்டு பேருக்குப் பணம் திரும்பி வந்தது. மற்ற இருவர் இன்னும் நடையா நடக்கிறாங்க.

வரைபடம் புரியலைன்னா நகலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்துவாங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.