உருகிய மெழுகும் எழுந்தருளும் திருமேனியும்

கருவறையில் வீற்றிருக்கும் மூலவர் தம் இடம்விட்டு அசைவதில்லை. முதுமையாலும் பிணியாலும் ஆலயம் வர இயலாதாரையும் ஆட்கொள்ளத் திருவுளங்கொண்டு, அப்பெருமானே சோமாஸ்கந்தராகவும் சந்திரசேகரராகவும் ஆடவல்லானாகவும் வீதிக்கு எழுந்தருளுகின்றார். அச்செப்புத் திருமேனி எங்ஙனம் உருவாகின்றது என்பதை, மெய்யன்பர்காள், இத்திருவிழா நாளில் சிறிது சிந்திப்போமாக.

குடந்தையை அடுத்துக் காவிரிக்கரையில் விளங்கும் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் தொன்முறை வழுவாது திருமேனிகளை வார்க்கின்றனர். சிற்ப நூல்கள் இம்முறையை மதூச்சிட்ட விதானம் என்று கூறும். மதூச்சிட்டமாவது தேன்மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் கூட்டிக் காய்ச்சுவர். தென்னையோலை நறுக்கை மடித்துத் தாள அளவு குறித்துக்கொண்டு, முகம், மார்பு, கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியே மெழுகில் அமைத்துப் பின் இணைப்பர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுவர். மெழுகிலுள்ள ஒவ்வொரு கோடும் அம்மண்ணிற் பதியும். உலர்ந்தபின் மணல் கலந்த மண்ணைத் தடிப்பாக அப்பி, இரும்புக் கம்பியாற் கட்டுவர். அவ்வச்சைச் சூடேற்ற, மெழுகு உருகித் துளைவழியே வெளியேறும். வெறுமையாகிய அவ்விடத்தில் செம்பு, பித்தளை, ஈயத்தோடு சிறிதளவு பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகக் குழம்பை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்து, உளியாலும் அரத்தாலும் செப்பஞ்செய்து, இறுதியிற் கண் திறப்பர்.

இதில் நாம் கொள்ளத்தக்க பொருள் யாது? மெழுகு எஞ்சியிருப்பின் உலோகம் அவ்விடத்தை நிரப்பாது, திருமேனி பழுதுறும். நம் உள்ளமும் அத்தகையதே. யான் எனது என்னும் செருக்கு அன்பென்னும் அனலால் உருகி வெளியேறினாலன்றித் திருவருள் உட்புகுந்து நிறைதற்கு இடமில்லை. மேலும் மெழுகு வீணாயிற்று என்பதற்கில்லை. அது விட்டுச்சென்ற வடிவையே உலோகம் ஏற்கிறது. அடியார் தம்மை இழப்பதும் இவ்வாறே.

இன்னுமொன்று. அச்சு ஒருமுறைக்கே உரியது, உடைத்தபின் மீளாது. ஆகவே ஒரு திருமேனியைப் போல் மற்றொன்று அமைவதரிது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலுக்கு அளிக்கப்பெற்ற திருமேனிகளை முழமும் விரலுமாக அளந்து கல்லில் வெட்டுவித்ததன் அருமை இதனால் விளங்கும். சீபுரந்தான் கோயிலினின்று களவுபோன ஆடவல்லான் திருமேனியை 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் விலைகொடுத்து வாங்கியது. 2014ஆம் ஆண்டிலேயே அது பாரதத்திற்கு மீண்டது. ஊரார் வணங்கிய கடவுள் காட்சிப்பொருளாய் நின்ற காலத்தை எண்ணுந்தோறும் நெஞ்சம் நைகின்றது.

ஆதலின் நாம் செய்யத்தக்கன இரண்டு. நம் ஊர்த் திருமேனிகள் எத்தனை, எவ்வடிவின, எவ்வளவின என்பதை நாமும் அறிந்து நம் மக்களுக்கும் அறிவித்தல் ஒன்று. புதிய திருமேனி செய்விக்குங்கால் விலையைக் குறைக்கவும் நாளைச் சுருக்கவும் ஸ்தபதியை நெருக்காது, உரிய காலமும் தக்க ஊதியமும் அளித்தல் மற்றொன்று. மண் உலருமுன் அவசரப்படுத்தினால் வார்ப்புச் சிதையும். உழைப்புக்கு ஊதியம் குறைந்தால் அக்கலையே சிதையும்.

இன்றிரவு பெருமான் நம் வாயிலுக்கு எழுந்தருளும்போது, ஒளிவிளங்கும் திருமுகத்தோடு அதற்காக உருகிய மெழுகையும் நினைந்து கைகூப்புவோமாக.

திருச்சிற்றம்பலம்.