மலைக்குத் தையல்

செனாப் நதிக்கு 359 மீட்டர் உயரத்தில் ரயில் ஓடுகிறது. 2025 ஜூன் 6-ல் திறக்கப்பட்ட பாலத்தின் 467 மீட்டர் எஃகு வளைவை வியக்காதவர் இல்லை. ஆனால் அதைத் தாங்கும் மலை? ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் உள்ள அந்த டோலமைட் பாறை முழுக்க விரிசல். தோண்டத் தோண்டத்தான் அதன் குணம் தெரிந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியை மாதவி லதாவின் ஆலோசனையுடன், பாறைக்கேற்ப வடிவமைப்பும் மாறியது.

நொறுங்கும் சரிவுக்கு மருந்து, நங்கூரம்: துளை போட்டு, எஃகுக் கம்பி இறக்கி, சிமெண்ட் பாலைச் செலுத்துவது. சிக்கல் ஒன்றுதான். உதிரிப் பாறையில் துளைமுனையை உருவியதுமே துளை மூடிக்கொள்ளும்.

இங்குதான் ஹைட்ராலிக் ரிக் கைகொடுக்கிறது. வீட்டுக்கு போர்வெல் போடும் ரிக் செங்குத்தாகத் துளைக்கும்; கேசிங் பைப் பிறகுதான் இறங்கும். இதன் கையோ எந்தக் கோணத்திலும் சாயும். துளைமுனையோடு சேர்ந்தே குழாயும் உள்ளே போகும், சுவர் சரியாது. கம்பியைச் செருகி, சிமெண்ட் நிரம்ப நிரம்பக் குழாயை உருவிவிடுகிறார்கள். இறுகியபின் கம்பியை இழுத்துப் பூட்டினால், தளர்ந்த மேற்பாறை ஆழத்திலுள்ள உறுதியான பாறையோடு பிணைந்துவிடுகிறது.

ரயில் பயணிக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. வளைவு நிற்பது மலையில். மலை நிற்பது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பிகளின் பிடியில்.