இரண்டு மென்மையான உலோகங்கள், ஒரு வலுவற்ற எல்லை

தூய செம்புக் கம்பியைக் கையாலேயே வளைக்கலாம். நையோபியமும் ஏறக்குறைய அப்படித்தான், எளிதில் தகடாகும். இவை இரண்டையும் சில நானோமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக மாறி மாறி வைத்தால், 2 கிகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குகின்றன. எஃகுகளில் பெரும்பாலானவை அதை எட்டுவதில்லை.

உலோகம் வளையும்போது அணுத்தளங்கள் மொத்தமாக நழுவுவதில்லை. விரித்த ஜமுக்காளத்தை இழுப்பது சிரமம். ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பித் தள்ளிக்கொண்டே போனால் நகர்ந்துவிடும். படிகத்துக்குள் அந்த மடிப்பின் வேலையைச் செய்வது டிஸ்லொகேஷன் என்ற வரிசைப் பிழை. 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலான்யி என்ற அறிவியலாளர்கள் மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். உலோகத்தை வலுவாக்க வேண்டுமானால் இந்தப் பிழையை ஓடவிடக் கூடாது.

அடுக்கு தடிமனாக இருந்தால் பிழைகள் இரு உலோகங்களும் சந்திக்கும் எல்லையில் வரிசைகட்டி நிற்கும். பின்னால் வருபவை நெருக்க, முன்னால் நிற்பது எல்லையைத் தாண்டிவிடும். சில பத்து நானோமீட்டருக்கு இறங்கினால் வரிசைகட்டவே இடமில்லை. ஒற்றைப் பிழை இரு சுவர்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஊர வேண்டும். இடம் குறுகக் குறுக அதற்குத் தேவையான விசை ஏறுகிறது.

இன்னும் மெலிந்து ஐந்து நானோமீட்டர் அளவுக்கு வந்தால் எல்லையைக் கடப்பதைத் தவிர வழியில்லை. செம்பின் அணு அடுக்குமுறை வேறு, நையோபியத்தினுடையது வேறு. ஒன்றின் நழுவுதளம் மற்றதில் நேராகத் தொடராததால் கடப்பது கடினம். இதைவிட ருசிகரமான காரணம் ஒன்றை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் கணினி உருவகங்களில் கண்டார்கள். அந்த எல்லை வலுவானதே அல்ல. பிழை நெருங்கியதும் எல்லை அந்த இடத்தில் நழுவிக்கொடுக்கிறது. பிழையின் மையம் அதில் பரவிப்போகிறது. பரவியதைத் திரும்பக் குவித்து மறுபுறம் அனுப்புவது பெரும்பாடு.

ஒன்றிரண்டு நானோமீட்டருக்கும் கீழே போனால் வலு குறைகிறது. பிழையின் மையமே அடுக்கின் கனத்துக்கு வந்துவிடுவதால் எல்லை சரியான தடையாக இருப்பதில்லை.

இத்தகைய தகடுகளை உருளைகளுக்கிடையே நசுக்கி, இரண்டாக வெட்டி, அடுக்கி, மறுபடி நசுக்கியும் செய்கிறார்கள். பத்துச் சுற்றில் அடுக்குகள் 1024 மடங்காகும்.

இத்தகடுகள் உடைவதைப் பார்க்க, அவற்றைத் தலைமுடியைவிட மெல்லிய தூண்களாகச் செதுக்கி எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் அழுத்துகிறார்கள். அடுக்குகளுக்குச் செங்குத்தாக அழுத்தினால் தூண் வெகுநேரம் சீராகப் பருக்கிறது. பிறகு ஒரு குறுகிய பட்டையில் மட்டும் அடுக்குகள் சாய்ந்து, மெலிந்து, சறுக்குகின்றன. அடுக்குகளின் வாக்கிலேயே அழுத்தினால் அவை கூட்டாக மடிந்து முறுக்குப் பட்டையாகின்றன. 45 பாகை சாய்த்து அழுத்தினாலோ, பிழைகளைப் பிடித்து வைத்த அதே எல்லை வெகு குறைந்த விசையிலேயே வழுக்கிவிடுகிறது.