ஊர்ந்த கல்லும் வெடித்த சேறும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெத் வேலி என்றொரு பாலைவனப் பகுதி இருக்கிறது. அங்கே மலைகளுக்கு நடுவில் வற்றிப்போன ஏரி ஒன்று, பெயர் ரேஸ்டிராக் பிளாயா. நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டர். தரை அவ்வளவு மட்டம்: இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உயர வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அந்தக் காய்ந்த சேற்றின் மேல் அங்கங்கே கற்கள் கிடக்கின்றன. பல கற்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு தடம். யாரோ கல்லை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்தில் காலடி இல்லை, சக்கரம் பதிந்த அடையாளமும் இல்லை.

கல் தானாக நகருமா? காந்தம் என்றார்கள், சூறாவளி என்றார்கள், வேற்றுக்கிரக ஆட்களின் வேலை என்றுகூடச் சொன்னார்கள். ராபர்ட் ஷார்ப் என்ற நிலவியல் அறிஞர் கதை பேசாமல் அளந்து பார்க்கத் துணிந்தார். 1968-இல் அவரும் டுவைட் கேரியும் முப்பது கற்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பெரும்பாலான கற்கள் இடம் மாறியிருந்தன. நகரும்போது மட்டும் ஒன்றையும் பார்க்க முடியவில்லை.

ஷார்ப் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஏரியில் உறைந்த பனிப்பாளம்தான் கல்லைத் தள்ளுகிறது என்று சிலர் சொன்னார்களே, அதைச் சோதிக்க ஒரு சிறு கல்லைச் சுற்றி இரும்புக் கம்பிகளை நட்டார். பனிப்பாளம் வந்தால் கம்பியில் முட்டி நிற்கும், கல் உள்ளேயே கிடக்கும் என்பது கணக்கு. மறுமுறை போய்ப் பார்த்தால் கல் வேலியைத் தாண்டி வெளியே கிடந்தது! அப்படியானால் பனி அவசியம் இல்லை என்று முடிவுக்கு வந்தார். புத்திசாலித்தனமான சோதனை. முடிவுதான் தவறிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து ரால்ஃப் லாரன்ஸ் வந்தார். இவர் ஆராய்வது சனிக் கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டனை. அங்கே குளிர் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் தண்ணீர் பாறைபோல் கிடக்கும். மழையாகப் பெய்வது திரவ மீத்தேன், ஏரியில் நிற்பதும் மீத்தேனும் ஈத்தேனும்தான். டைட்டனின் தென் துருவத்துக்கு அருகே ஒன்டாரியோ லாகஸ் என்ற ஏரியைக் காசினி விண்கலம் படம் பிடித்தது. அது ஆழமில்லாமல் நிரம்பியும் வற்றியும் மாறுகிற ஏரியோ என்ற கேள்வி எழுந்தது. நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க் கரையில் நின்று பார்க்க முடியாதே! அதனால்தான் லாரன்ஸும் நண்பர்களும் ரேஸ்டிராக் போன்ற பாலைவன ஏரிகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

வந்த இடத்தில் கற்கள் அவரையும் விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கல்லின் ஒரு பகுதி வெளியே தெரியும்படி உறைய வைத்தார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் மணல் பரப்பிய தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மெல்ல ஊதினார். பனிக்கட்டி மிதந்து போயிற்று. அதன் அடியில் ஒட்டியிருந்த கல் மணலில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே போயிற்று.

நிஜ ஏரியிலும் இப்படித்தானா? ரிச்சர்ட் நோரிஸும் அவருடைய உறவினர் ஜேம்ஸ் நோரிஸும் 2011-இல் ஜிபிஎஸ் பொருத்திய பதினைந்து கற்களை அங்கே வைத்தார்கள். ஏரியின் கற்களைத் தொட டெத் வேலி தேசியப் பூங்கா நிர்வாகம் அனுமதிக்காததால் வெளியிலிருந்து கற்களைக் கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டு காத்திருக்கவும் தயார். ஆனால் 2013 டிசம்பரிலேயே அவர்கள் கண்ணெதிரில் கற்கள் கிளம்பிவிட்டன! மழைத் தண்ணீர் ஏரியில் சில சென்டிமீட்டர் தேங்கியிருந்தது. இரவில் அதன் மேல்பரப்பு சன்னல் கண்ணாடி அளவு தடிமனில் உறைந்தது. காலை வெயிலில் அந்தப் பனி பெரிய தகடுகளாக உடைந்தது. இளங்காற்று தகடுகளைத் தள்ள, அவை கற்களைத் தள்ள, ஈரச் சேற்றில் கற்கள் நிமிடத்துக்கு இரண்டு முதல் ஐந்து மீட்டர் வரை வழுக்கிப் போயின. பனியேதான் காரணம், ஆனால் எல்லோரும் நினைத்ததைவிட மிக மெல்லிய பனி. இதைக் கேட்க ஷார்ப் இல்லை, 2004-இல் காலமாகிவிட்டார்.

அவர் பெயர் மட்டும் செவ்வாய்க்குப் போயிருக்கிறது. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கியது கேல் பள்ளத்தில். அகலம் 154 கிலோமீட்டர். நடுவில் ஐந்து கிலோமீட்டருக்கும் அதிக உயரமுள்ள மலை ஒன்று நிற்கிறது. நாசா அறிஞர்கள் அதை மவுன்ட் ஷார்ப் என்று அழைக்கிறார்கள். அந்த மலையின் அடுக்குகள் பல, முன்னொரு காலத்தில் அங்கிருந்த ஏரியின் வண்டல். வற்றிய ஏரியை அளந்தவர் பெயர், வற்றிய ஏரியின் வண்டல் படிந்த மலைக்கு!

மலையேறும் வழியில் 2021-இல் ஊர்தி ஒரு பாறையைப் படம் எடுத்தது. அதில் சில சென்டிமீட்டர் அகலத்தில் அறுகோண வெடிப்புகள். பெரிய விஷயமா என்கிறீர்களா? உங்கள் ஊர் கண்மாயோ குளமோ வற்றியதும் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை வெடிப்புகள் சந்திக்கும் மூலைகளைக் கவனியுங்கள்.

சேறு காயும்போது சுருங்கும். அடிப்பகுதி தரையோடு ஒட்டியிருப்பதால் மேல்பகுதி இழுபட்டுக் கிழியும். முதல் வெடிப்பு விழுந்ததும் அதன் ஓரத்தில் குறுக்கு இழுவிசை தளர்ந்துவிடும். ஓரத்தின் நீளவாக்கில் மட்டும் இழுவிசை மிஞ்சும். அதனால் அடுத்து வரும் வெடிப்பு முதல் வெடிப்பைச் செங்குத்தாக வந்து தொடும். 90 பாகை மூலை. ஒரே ஒரு தடவை காய்ந்த சேற்றில் இப்படித்தான் இருக்கும். அதை நனைத்துக் காயவிட்டு, மறுபடி நனைத்துக் காயவிட்டால்? பழைய வெடிப்புகள் மூடினாலும் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். ஒவ்வொரு தடவையும் வெடிப்பு கிட்டத்தட்ட அங்கேயே திறக்கும், மூலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஆய்வகத்தில் பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு ஒவ்வொரு மூலையிலும் மூன்று வெடிப்புகள் 120 பாகையில் சமமாகச் சந்தித்து, பாளங்கள் அறுகோணமாகின. களிமண்ணும் ஒரு தட்டும் நல்ல வெயிலும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். நாளுக்கொரு படம் எடுத்து வையுங்கள்.

செவ்வாயில் கண்டது அறுகோணம். ஆகவே அங்கே தண்ணீர் ஒரு முறை வந்து மறைந்துவிடவில்லை. வந்தது, வற்றியது, திரும்பவும் வந்தது. 2023-இல் வெளியான, இந்த வெடிப்புகளைப் பற்றிய ஆய்வு வேதியியலாளர்களையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் சிறு மூலக்கூறுகள் கோத்து நீண்ட சங்கிலிகள் ஆகலாம். உயிர் தோன்றுவதற்கு முந்திய படிகளில் அது ஒன்றாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பூமியிலும் அப்படி நடந்ததா என்று பார்க்க, பூமியின் மிகப் பழைய சேறு வேண்டும். ஆனால் இங்கே நிலத்தட்டுகள் ஓயாமல் நகர்ந்து, பழைய தரையை உள்ளே இழுத்து உருக்கிவிடுகின்றன. செவ்வாயில் அந்த வேலை நடக்கவில்லை. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வெடித்த சேறு, வெடித்த கோணத்தோடு அங்கே அப்படியே கிடக்கிறது.