ஸ்விஃப்ட் டீசலின் மூளையைத் திறந்து பார்த்தால்…

திரையில் மலை! மூணாறுக்குப் போகிற வழியில் தேயிலைச் சரிவு படிப்படியாக ஏறுமே, அதே மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு சரிவு லேப்டாப்பில் எழும்பி நிற்கிறது. ஐந்து நிமிஷம் முன்னால் அது ஒரு பழைய மாருதி ஸ்விஃப்ட் டீசலின் இன்ஜினை ஆட்டுவிக்கும் கணினியான இ.சி.யு.வுக்குள், வெறும் எண்களாக, யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஒரு பக்கம் இன்ஜின் சுற்று. இன்னொரு பக்கம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது. உயரம்தான் அந்த மிதிக்கு வண்டி கொடுக்கிற மரியாதை.

இடம் காக்கநாடு. இன்ஃபோபார்க், ஸ்மார்ட் சிட்டி, பொருளாதார மண்டலம் என்று கொச்சியின் கணினிக் கூட்டமெல்லாம் குடியேறிய பக்கம். கார் என் நண்பருடையது. ஊர் கோவை, வேலை காக்கநாட்டில். குதிரான் சுரங்கத்துக்குள் புகுந்து, வாளையாறு தாண்டி ஊருக்குப் போய்வருவதே அவருடைய வார இறுதி. "மைலேஜ் கூடுமா சேட்டா?" என்று அவர் கேட்டதற்கு ரீமேப் செய்கிற, அதாவது இ.சி.யு.வின் எண்களைத் திருத்தி எழுதுகிற சேட்டன் பதில் சொல்லாமல் சிரிக்கிறார். எனக்கோ மைலேஜ் பற்றிய கவலையே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்!

முதலில் அந்த இன்ஜினுக்கு ஒரு சலாம். 1248 சி.சி., பிறப்பால் இத்தாலி, ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 2005இல் அதன் அளவுப் பிரிவில் உலகின் சிறந்த இன்ஜின் என்று பரிசு வாங்கியது. 2007இல் ஸ்விஃப்டுக்குள் புகுந்தது. அப்புறம் டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா என்று இறங்காத வீடில்லை. 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே வண்டிப் பிரியர்கள் பட்டம் கட்டிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. அதனால் இன்று ஓடுகிறவையெல்லாம் பழைய வண்டிகள்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கிற காமன் ரயில் தொழில்நுட்பத்திலும் ஃபியட்டுக்குப் பெரிய பங்குண்டு. அதை வளர்த்தெடுத்துவிட்டு 1994இல் பாஷ் நிறுவனத்திடம் விற்றுவிட்டார்கள். என்ன மனசோ!

பெட்ரோல் வண்டியில் மிதித்தால் காற்றுக் கதவு திறக்கும். டீசலில் கதை வேறு. காற்று பாட்டுக்கு உள்ளே வரும். எவ்வளவு டீசல் பீச்சுவது என்பதில்தான் எல்லாம். நம் கால் இன்ஜினுக்கு உத்தரவு போடுவதில்லை, மனு கொடுக்கிறது! மனு ஒவ்வொரு மேஜையாக நகரும். இவ்வளவு டார்க் கொடுக்கலாமா என்று ஒரு அட்டவணை பார்க்கும். இருக்கிற காற்றுக்கு இவ்வளவு டீசல் விட்டால் கரும்புகை வருமே என்று இன்னொன்று கிள்ளும். பிறகுதான் எத்தனை மில்லிகிராம், எந்த டிகிரியில், என்ன அழுத்தத்தில் என்று முடிவாகும். டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார் சொச்சம். இந்த ரயில் குழாயில் ஆயிரம் பாருக்கும் மேல் ஏறும். நிமிஷத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டர் நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் எரிகிறது. அந்த ஒவ்வொரு எரிப்புக்குள்ளும் டீசலைத் தவணை பிரித்துத் தெளிக்கிறது மல்டிஜெட்! சேட்டன் இதைச் சொன்னபோது ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்மேல் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

இப்போது வேலை. பேட்டரியில் சார்ஜரை மாட்டுகிறார். எழுதும்போது நடுவில் வோல்ட் இறங்கினால் இ.சி.யு. செத்தே போகலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து வண்டியைப் பரிசோதிப்பதற்கான ஓ.பி.டி. சாக்கெட்டில் கேபிளைச் சொருகுகிறார். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். உருவிய ஒரிஜினல் கோப்பை முதலில் இரண்டு இடத்தில் சேமிக்கிறார். "இது போனால் நானும் போனேன்" என்கிறார், பாதி விளையாட்டாக. பிறகு எண்களைத் திருத்துகிறார். எங்கே தெரியுமா? நான் நினைத்த மாதிரி சிவப்புச் சிகரத்தில் இல்லை. 1500க்கும் 2000க்கும் நடுவில், அடிவாரத்தில்!

காரணம் இருக்கிறது. இந்த இன்ஜினின் 190 நியூட்டன் மீட்டர் டார்க் முழுசாகக் கிடைப்பது 2000 சுற்றில். அதற்குக் கீழே டர்போ தூக்கம். கொச்சி நெரிசலில், பாலாரிவட்டத்திலோ வைற்றிலாவிலோ, மூன்றாம் கியரில் ஊர்ந்தால் வண்டி திணறும். ஓட்டுகிறவர் இரண்டுக்கு இறக்கி, பாதி கிளட்ச்சில் உறுமவிட்டு, டீசலைக் கொட்டுவார். அடிவாரத்தைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுத்தால் மூன்றாம் கியரிலேயே போய்விடலாம். சுற்று குறைந்தால் உராய்வில் வீணாவது குறையும். மைலேஜ் முக்கியமாக அங்கிருந்துதான் வருகிறது. இன்னும் கொஞ்சம், டீசலைச் சற்று முன்கூட்டியே பீச்சுவதில் வரும். ஆனால் கம்பெனிக்காரன் அதைத் தள்ளிவைத்தது முட்டாள்தனத்தால் இல்லை. முன்னால் பீச்சினால் எரிப்பு சூடாகும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். டீசல் வண்டிக்கு நம்மூர்ப் புகைப் பரிசோதனை புகையின் கருமையைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு அதில் அகப்படாது. எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற ஈ.ஜி.ஆர். வால்வையே அடைத்துக் கொடுக்கிற ஆட்களும் உண்டு. அது ரீமேப் இல்லை, ஊர்க் காற்றில் கை வைப்பது.

இதில் யாரை நல்லவன் என்பது? 2015இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியே புகைச் சோதனைக்கூடத்தில் ஒரு முகமும் தெருவில் ஒரு முகமும் காட்டும் மென்பொருளோடு பிடிபட்டது. அந்த டிசம்பரிலேயே இந்தியாவில் 3 லட்சத்துக்கு மேல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. வைத்தியம் பெரும்பாலும் மென்பொருளை மாற்றி எழுதுவதுதான். அதாவது ரீமேப்! 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதமும் போட்டது.

சட்டமும் தூரத்தில் இல்லை. எர்ணாகுளம் கலெக்டரேட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் இதே காக்கநாட்டில்தான்! கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துச் சொன்னது. வழக்கு புறப்பட்டதே கேரளத்திலிருந்துதான். மாற்றி மினுக்கிய வண்டிகளை மடக்குவதில் கேரள மோட்டார் வாகனத் துறைக்குத் தனிப் பெயர். டயரும் சைலன்சரும் கண்ணில் படும், எண்கள் படாது. படாததால் சரியாகிவிடாது. உத்தரவாதக் காலத்தில் இருக்கிற வண்டியில் இதைத் தொட்டால் கம்பெனி கைகழுவவும் காரணம் கிடைத்துவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த ரகசியம். ரீமேப்புக்குப் பிறகு டாஷ்போர்டில் தெரிகிற மைலேஜை நம்பக் கூடாது! இன்ஜெக்டரை எவ்வளவு டீசல் பீச்சச் சொன்னோம் என்ற தன் கணக்கை வைத்துத்தான் இ.சி.யு. செலவை மதிப்பிடுகிறது. அந்த அளவை இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமாக மாற்றும் அட்டவணையையே திருத்தினால் பீச்சியது ஒன்று, கணக்கில் ஏறுவது ஒன்று. ரயில் சென்சாரை ஏமாற்றும் மலிவு டியூனிங் பெட்டி இதில் இன்னும் கெட்டிக்காரன். அழுத்தம் குறைவு என்று பொய் சொல்லி அதிகம் பீச்ச வைக்கும். டாஷ்போர்டோ மைலேஜ் கூடிவிட்டது என்று காட்டும்! ஓ.பி.டி.யில் சொருகினால் எரிபொருள் மிச்சம் என்று ஆன்லைனில் விற்கிற பச்சைப் பிளக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது விளக்கு சிமிட்டும் சுற்று மட்டும்தான். டேங்க் நிரப்பி ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்பி வகுத்துப் பார்ப்பது ஒன்றே உருப்படியான வழி.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் 22 ஆகிறது என்று தாராளமாகவே வைப்போம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் நாலரை லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்றால் சுமார் 430 ரூபாய். ரீமேப்புக்கு 20,000 கொடுத்திருந்தால் முதல் திரும்ப ஏறக்குறைய நான்கு வருஷம்! மாதம் 4000 ஓட்டுகிற டாக்ஸிக்காரருக்கு ஒரு வருஷத்தில் தேறும். டயர் காற்றைச் சரிபார்ப்பதற்கோ காசே இல்லை.

எழுதி முடிந்தது. கோப்பில் பிழை இல்லையா என்று பார்க்கிற செக்சம் சரி. "ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்படாதீங்க) அண்ணா" என்று சேட்டன் சாவியை நீட்டுகிறார். சீபோர்ட்–ஏர்போர்ட் ரோட்டில் ஏறினோம். 1600 சுற்று, மூன்றாம் கியர், லேசான ஏற்றம். நண்பர் இறக்கப் போன கையை கியரிலிருந்து எடுத்துவிட்டார். வண்டி அலுங்காமல் இழுக்கிறது! முகத்தில் சிரிப்பு, காலில் அதைவிடப் பெரிய சிரிப்பு. முன்னால் போன பஸ்ஸைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். திரும்பி வந்ததும் சேட்டன் கேட்ட முதல் கேள்வி, எப்படி மிதித்தீர்கள் என்பது. பிறகு சொன்னார்: "முதல் டேங்க்கில் மைலேஜ் குறையும். ஆசை அடங்கினபிறகு, இரண்டாவது டேங்க்கிலிருந்து கணக்கு எழுதுங்க."