ரஜனி திராணகம (1954–1989)
இலங்கை உள்நாட்டுப் போருக்கு அஞ்சிப் பலர் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். லிவர்பூலில் ஆய்வுப் படிப்பை முடித்த ரஜனி, தம் இரு சிறு மகள்களோடு யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமையேற்றார். கற்பிக்க ஆளில்லாமல் தவித்த மாணவர்களுக்கு அவர் வரவு எத்தனை பெரிய ஆறுதல்!

வகுப்பறையோடு அவர் நின்றுவிடவில்லை. போரால் நொந்த பெண்களுக்கான ‘பூரணி’ இல்லத்துக்குத் துணை நின்றார். எந்தத் தரப்பின் துப்பாக்கி சுட்டாலும், பாதிக்கப்பட்டவரிடம் நேரில் கேட்டுப் பதிவுசெய்தார். சக ஆசிரியர் மூவருடன் எழுதிய ‘முறிந்த பனை’ நூல் அந்தத் துணிவின் சான்று.

1989 செப்டம்பர் 21. தேர்வுப் பணி முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பியவரை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.